எண்ணி முடிக்கிற வரைக்கும்

"நேத்து நம்ம வெப்சைட்டுக்கு ஏழு பேர் வந்திருக்காங்க சார். அதுல நாலு பேர் நீங்கதான்."

அந்த அம்மா வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் நாள் என்னிடம் சொன்னது இது. அதற்கு முந்தின வாரம்தான் டீக்கடையில் நாலு முதலாளிகளை நிற்க வைத்து, எங்கள் வெப்சைட்டில் கூட்டம் அலைமோதுவதாக அளந்துவிட்டிருந்தேன். காலையில் எழுந்ததும் என் போனில் திறந்து பார்ப்பேன். பட்டறைக்கு வந்து கம்ப்யூட்டரில் ஒரு தடவை. மதியம் சாப்பிடும்போது என் மனைவியின் போனில், சாயங்காலம் மகளுடைய டேப்லெட்டில். அந்த நாலும் என் கணக்கு என்று அவர் கண்டுபிடித்துவிட்டார். மீதி மூன்றில் ஒருத்தர் என் மச்சான் என்பதை மறுநாள் கண்டுபிடித்தார். அன்றைக்கே எங்கள் எல்லாரையும் எண்ணிக்கையிலிருந்து தூக்கிவிட்டார். அதற்கப்புறம் பல நாள் அந்தத் திரையில் பூஜ்யம்தான் தெரிந்தது. வாங்கின சம்பளத்துக்கு இருந்ததையும் தொலைத்தார் என்று நான் வீட்டில் புலம்பினேன்.

எனக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் கியர் வெட்டுகிற சின்னப் பட்டறை. பழைய மெஷினில் பல் உடைந்துபோன கியரைக் கொண்டுவந்தால், அதே அளவில் புதிதாக வெட்டிக் கொடுப்போம். நாலு மெஷின், ஆறு ஆட்கள். வருகிற வேலையில் முக்கால்வாசி ஒரே பெரிய கம்பெனியிலிருந்து வந்துகொண்டிருந்தது. ஒரு நாள் அவர்கள் வேறு ஊரில் ஆள் பார்த்துக்கொண்டார்கள். என்னுடைய இரண்டு மெஷின்கள் மேல் தார்ப்பாய் விழுந்தது. வெளியூர் மில்காரர்கள் எல்லாம் இப்போது போனில்தான் தேடுகிறார்கள், அங்கே நம் பெயர் தெரிய வேண்டும் என்று சொன்னார்கள். தெரியவில்லையென்றால் பொங்கலுக்குள் இரண்டு மெஷினை விற்றுவிட்டு இரண்டு ஆட்களை அனுப்ப வேண்டும். அந்த இரண்டு பேரும் என் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டவர்கள்.

அந்த நேரத்தில் வெப்சைட்டைப் பார்த்துக்கொள்ள வந்தவர்தான் அந்த அம்மா. நாற்பது வயது இருக்கும். அப்பா ஆவடி தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், இவர் அங்கே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர். கல்யாணத்துக்குப் பிறகு திருநின்றவூரில் வாடகை வீடு. தினமும் ரயிலில் வந்து பட்டரவாக்கத்தில் இறங்கி நடந்து வருவார். ஸ்டேஷனிலிருந்து பட்டறைக்கு இரண்டு வழி உண்டு. ஒரு மாதம் ஒரு வழியிலும் அடுத்த மாதம் இன்னொரு வழியிலும் நடந்து, எத்தனை நிமிஷம் என்று நோட்டில் குறித்துவைத்து, பிறகுதான் ஒரு வழியை நிரந்தரமாக்கினார். இரண்டுக்கும் வித்தியாசம் ஒன்றரை நிமிஷமாம். அதற்காகவா இரண்டு மாதம் என்று கேட்டேன். தெரியாமல் நடப்பதைவிடத் தெரிந்து நடக்கலாம் இல்லையா என்றார்.

அவரிடம் யாரும் எதையும் சும்மா சொல்லிவிட முடியாது. "எதைவிட?" என்று கேட்பார். லேத்தில் நிற்கிற ஆள், "வெயிலு ஜாஸ்தியா கீதும்மா" என்பான். "எதைவிட?" என்பார். நேற்றைவிட என்று அவன் சொன்னால் போனை எடுத்துப் பார்த்து, நேற்றைவிட ஒரு டிகிரி குறைவு என்பார். டீ நல்லா இருக்கிறது என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. நேற்றைய டீயைவிட நல்லா இருக்கிறது என்பார். ஆட்கள் அவருக்கு 'எதைவிடம்மா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அது அவர் காதுக்கும் போனது. கோபப்படவில்லை. முன்னே கூப்பிட்ட 'கம்ப்யூட்டரம்மா'வைவிட இது பரவாயில்லை என்றாராம்.

எங்கள் வெப்சைட்டை நான்தான் பார்த்துப் பார்த்துச் செய்ய வைத்திருந்தேன். திறந்ததும் நாதஸ்வரம் வாசிக்கும். மாலை போட்ட என் அப்பா படம் வரும். அதைச் சுற்றித் தங்க நிறத்தில் ஒரு கியர் சுழலும். அந்த அம்மா பார்த்துவிட்டு, மாற்ற வேண்டியவை பதினான்கு இருக்கின்றன என்று எழுதிக் கொண்டுவந்தார். நான் பரம்பரையாக அவசரக்காரன். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் தூக்கிக் கடாசிவிட்டுப் புதிதாகப் போடு என்றேன். முடியாது என்றார்.

"எல்லாத்தையும் ஒண்ணா மாத்தினா எதனால சரியாச்சுன்னு தெரியாது சார். கெட்டுப் போனாலும் எதனாலன்னு தெரியாது."

ஒரு தடவைக்கு ஒன்றுதான். அதை மாற்றிவிட்டு இரண்டு வாரம் எண்ணுவார். முதலில் நாதஸ்வரம் போனது. வந்தவர்கள் உடனே ஓடாமல் கொஞ்ச நேரம் நின்றார்கள். அடுத்து அப்பா. அந்தப் படத்தை 'எங்களைப் பற்றி' என்ற பக்கத்துக்கு மாற்றலாம் என்றபோது எனக்குத் தலைக்கேறிவிட்டது. இந்தப் பட்டறையே அவர் போட்டது, அவரைத் தூக்கி உள்ளே போட நீ யார் என்று கத்தினேன். நான் கத்தி முடிக்கும்வரை நின்றுகொண்டிருந்தார். பிறகு, அப்பாவைக் கும்பிட வருகிறவர்கள் நாம் மட்டும்தான், வெளியாட்கள் கியர் தேடி வருகிறார்கள் என்று மெதுவாகச் சொன்னார். இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் மாற்றிக்கொள் என்றேன். அப்பா இருந்திருந்தால் முதல் நாளே சம்மதித்திருப்பார், அவர் என்னைப்போல் இல்லை.

இப்படி அங்குலம் அங்குலமாக நகர்வது எனக்கு ஒத்துவரவில்லை. என் மச்சான், அதாவது என் மனைவியின் தம்பி, ஒரு குறுக்கு வழி கொண்டுவந்தான். வேறு வெப்சைட்டுகள் நம் பெயரைப் போட்டு நம் பக்கத்துக்கு வழி காட்டினால் தேடலில் நாம் மேலே ஏறுவோமாம். அப்படி நூற்றுக்கணக்கான இணைப்புகளை மொத்தமாகப் போட்டுத் தருகிற ஒருத்தனை அவனுக்குத் தெரியுமாம். அந்த அம்மாவுக்குத் தெரியாமல் சரி என்றேன். ஒரு வாரம் உண்மையிலேயே மேலே போனோம். நான் டீக்கடையில் மறுபடி அளந்தேன். அப்புறம் ஒரே சறுக்கல். பட்டறையின் முழுப் பெயரை அடித்துத் தேடினாலும் நாங்கள் வரவில்லை. அந்த அம்மா தோண்டிப் பார்த்தபோது, சூதாட்டப் பக்கம், முடி வளர்க்கிற மருந்துப் பக்கம், எந்த நாட்டுப் பாஷை என்றே தெரியாத பக்கம் எல்லாம் அம்பத்தூர் கியர் பட்டறைக்கு வழி காட்டிக்கொண்டிருந்தன.

என்னைத் திட்டவில்லை. யார் பேச்சைக் கேட்டீர்கள் என்று மட்டும் கேட்டார். நான் மோட்டுவளையைப் பார்த்தேன். அந்தப் பட்டியலை அச்சடித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொருத்தருக்கும் எங்கள் பெயரை எடுத்துவிடச் சொல்லி எழுதினார். பதில் வந்தால் கோடு, வராவிட்டால் திரும்பவும் கடிதம். எடுக்கவே மாட்டேன் என்றவர்களைத் தனிப் பட்டியல் போட்டு, இவர்கள் எங்களுக்கு வேண்டாம் என்று தேடல் கம்பெனிக்குத் தெரிவித்தார். மூன்று மாதம் ஆனது. அந்த மூன்று மாதமும் மாற்ற வேண்டிய பதினான்கில் ஒன்றைக்கூட அவரால் தொட முடியவில்லை.

"ஒருத்தர் நம்மளைக் காட்டி விடறாருன்னா அது ஜாமீன் கையெழுத்து மாதிரி சார். தெருவுல போற பத்து பேர் போட்டா எடுபடாது. ஊர்ல மரியாதையா இருக்கற ஒருத்தர் போட்டா போதும்" என்றார்.

அந்த மரியாதையான ஆட்களைத் தேடி நேரில் போனார். எல்லாரும் மெயில் அனுப்பிக் கேட்கிற விஷயத்தை இவர் கல்யாணப் பத்திரிகை வைக்கிற மாதிரி வீடு வீடாகப் போய்க் கேட்டார். குமணன்சாவடியில் மாவு மில் மெஷின் விற்கிற ஒருத்தர், பூந்தமல்லிப் பக்கம் ஒரு பாலிடெக்னிக் ஆசிரியர். வெறுங்கையோடு போனதில்லை. உடைந்த கியரை எப்படி அளப்பது என்று படத்தோடு எழுதி, உங்கள் மாணவர்களுக்குப் பயன்பட்டால் போடுங்கள் என்று அந்த ஆசிரியரிடம் கொடுத்தார். அவர் போட்டார், கீழே எங்கள் பெயரையும் போட்டார்.

முத்தாபுதுப்பேட்டையில் ஒருத்தர் இருந்தார். மெஷின் ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டுப் பின்னால் பழைய லேத் ஒன்றை வைத்துக்கொண்டு, அதைப் பற்றி இணையத்தில் எழுதுவார். பழைய மெஷின் வைத்திருப்பவர்கள் எல்லாம் அதைப் படிப்பார்கள். அவர் மசிவதாக இல்லை. மூன்றாவது தடவை நானும் கூடப் போயிருந்தேன்.

"இன்னாமா நீ வந்துகினே கீற? உங்க பட்டறை நல்லா வெட்டுதா வெட்டலையான்னு எனக்கு எப்பிடித் தெரியும்? நான் எழுதிட்டு, நாளைக்கு நாலு பேரு என் ஊட்டாண்ட வந்து கேட்டுகினு நின்னா?" என்றார்.

நியாயம்தான் என்றார் அந்த அம்மா. அந்தப் பெரியவரின் லேத்திலேயே பல் போன கியர் ஒன்று இருந்தது. அதைக் கேட்டு வாங்கினார். நாங்கள் வெட்டித் தருகிறோம், ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள், பிறகு என்ன தோன்றுகிறதோ அதை எழுதுங்கள், எழுதாவிட்டாலும் சரி என்றார். நான் என் கையாலேயே வெட்டினேன். ஒரு மாதம் கழித்து அவர் எழுதினார். முதல் பத்து நாள் சத்தம் போட்டது, பிறகு அடங்கியது, பல் நல்ல பல், ஆனால் பெட்டிக்குள் வைத்து அனுப்பின விதம் மோசம் என்று எழுதியிருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில், உடனே போன் போட்டு அந்தச் சத்தத்தையும் பெட்டியையும் எடுக்கச் சொல் என்றேன். அந்த அம்மா மறுத்துவிட்டார். பெட்டியை மட்டும் மாற்றுவோம் என்றார். அந்த மாதமே கோயம்புத்தூரிலிருந்து ஒருத்தர் கூப்பிட்டு, முதல் பத்து நாள் சத்தம் போடும் என்று எழுதியிருக்கிறார்களே, அந்தப் பட்டறைதானே என்று கேட்டார். ஐந்து கியருக்கு ஆர்டர் கொடுத்தார்.

ஆனாலும் மெஷினில் ஒன்றுதான் தார்ப்பாயை விட்டு வெளியே வந்தது. இன்னொன்று அப்படியே கிடந்தது. ஆட்கள் தேடி வருகிறார்கள், முதல் பக்கத்தைப் பார்க்கிறார்கள், பாதிப் பேர் போன் பண்ணாமல் போய்விடுகிறார்கள் என்று அவர் கணக்கு சொன்னது. முதல் பக்கத்தில் என்ன கேட்க வேண்டும் என்பதில் எங்களுக்குள் சண்டை வந்தது. பல் எத்தனை, விட்டம் எவ்வளவு, என்ன இரும்பு என்று கேட்டு ஒழுங்கான படிவம் வைக்க வேண்டும் என்றார் அவர். உடைந்த துண்டைப் படம் எடுத்து அனுப்பு, மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒரே வரி போதும் என்றேன் நான். அது கடைக்காரன் பேச்சு, வேடிக்கை பார்க்கிறவன்தான் வருவான் என்று அவர் நினைத்தார். வார்த்தை முற்றி, அவசரக்காரன் வாயிலிருந்து வரக்கூடாதது வந்துவிட்டது.

"ரெண்டையும் போடு. உன்னுது ஜெயிச்சா நீ இரு. என்னுது ஜெயிச்சா எனக்கு எதுக்கும்மா தனியா ஒரு ஆளு? அடுத்த மாசத்துலேர்ந்து வராத."

பட்டறையே நின்றுவிட்டது. அவர் கணவருக்கு அப்போது நிலையான வேலை இல்லை என்று எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் நோட்டில் புதுப் பக்கம் ஒன்றைத் திருப்பினார். பிறகு, சரி சார், ஆனால் எண்ணி முடிக்கிற வரைக்கும் யாரும் எதையும் தொடக்கூடாது என்றார்.

வருகிறவர்களில் ஒருத்தர் விட்டு ஒருத்தருக்கு இரண்டு பக்கமும் மாறி மாறித் தெரியும்படி வைத்தார். என் பக்கத்தில் பட்டறையின் பழைய நம்பர். அவர் பக்கத்தில் புது நம்பர், அதற்குத் தனிப் போன். எந்தப் போன் அடிக்கிறதோ அந்தப் பக்கத்துக்கு நோட்டில் ஒரு கோடு. எனக்கே புரிந்துவிட்டது, அவ்வளவு எளிது. ஆட்கள் வேலைக்கு நடுவே காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். அவர்கள் எந்தப் போன் அடிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டார்கள் என்பது எனக்குத் தெரியும். என் போன் இல்லை.

நடுவில் ஆயுத பூஜை வந்தது. மெஷினெல்லாம் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டினோம். மைக்ரோமீட்டர், வெர்னியர் என்று அளவெடுக்கிற கருவி எல்லாவற்றையும் சாமி படத்துக்கு முன்னால் வரிசையாக வைத்தேன். இப்போதெல்லாம் வேலை கொண்டுவருவது போன்தானே, அதுவும் ஆயுதம்தானே என்று எனக்கு ஒரு ஞானம் வந்தது. பழைய போனையும் அணைத்து, பொட்டு வைத்து, அந்த வரிசையில் சேர்த்தேன். பொரியும் கடலையும் கொடுத்து ஆட்களை அனுப்பினேன். விஜயதசமியன்று எடுத்திருக்க வேண்டும். நான் குடும்பத்தோடு திருத்தணிக்குப் போய்விட்டேன். அடுத்தாற்போல் சனி, ஞாயிறு. திங்கட்கிழமைதான் போனை எடுத்தேன். அந்த அம்மா தன் போனை வீட்டுக்கு எடுத்துப்போய், லீவு நாளிலும் வந்த அழைப்பை எடுத்துப் பேசி, கோடு போட்டிருந்தார்.

கெடு முடிந்த அன்று நோட்டைப் பார்த்தோம். அவர் பக்கம் கோடுகள் கூடுதல். எனக்கு முகம் சுருங்கினாலும் நான் சொன்ன சொல் மாறாதவன் என்று பெயர். நீதான் ஜெயித்தாய், இருந்துகொள் என்றேன். லேத்தில் நின்றவன் சிரித்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். அவர் மட்டும் நோட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. விரலை ஒரு இடத்தில் வைத்திருந்தார்.

"இந்த நாலு நாள் உங்க போன்ல ஒண்ணுகூட இல்லையே சார்?"

பூஜை நாளில் எவன் கூப்பிடுவான் என்றேன். எனக்குக் கூப்பிட்டார்களே என்றார். என் போனைக் கையில் எடுத்துப் பார்த்தார். அதன் முதுகில் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. நான் நடந்ததைச் சொன்னேன். சொல்லும்போதே எனக்குச் சிரிப்பு வந்தது, அவருக்கு வரவில்லை. பேனாவை எடுத்து, அத்தனை பக்கத்துக்கும் குறுக்கே கோடு கிழித்தார். திரும்ப முதலிலிருந்து எண்ண வேண்டும் என்றார்.

அந்த நாலு நாளை மட்டும் கழித்துவிட்டால் போகிறது என்று நானே அவருக்காக வாதாடினேன். நான் ஒத்துக்கொண்ட பிறகு உனக்கென்ன என்றேன். பண்டிகைக்கு முந்தின நாட்களும் பிந்தின நாட்களும் ஒரே மாதிரி இருக்காது, நடுவில் ஓட்டை விழுந்த அளவை வைத்து நீங்கள் ஒரு கியர் வெட்டுவீர்களா என்று கேட்டார். வெட்ட மாட்டேன். அன்று மதியம் லேத்தில் நின்றவன் அவரிடம் போய், இதெல்லாம் எதுக்கும்மா உனக்கு, கிடைச்ச வேலையக் காப்பாத்திக்கோ என்று கெஞ்சியதை நான் கேட்டேன்.

தீபாவளி லீவுக்கு இரண்டு போனையும் அவரே திருநின்றவூருக்கு எடுத்துப் போனார். மழை பிடித்துக்கொண்டது. ரயில் தாமதமான நாட்களில் பிளாட்பாரத்தில் குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டு போனுக்கும் மாறி மாறிப் பதில் சொன்னதாகக் கூட வருகிறவர்கள் சொன்னார்கள். என் பக்கத்து நம்பரில் கூப்பிட்டவரிடமும் தன் பக்கத்து நம்பரில் கூப்பிட்டவரிடமும் ஒரே மாதிரி, ஒரே பொறுமையோடு பேசினாராம்.

கார்த்திகை மாதம் ஒரு காலை, நான் வரும்போதே அவர் மேஜையைத் துடைத்து வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தார். தண்ணி பாட்டிலும் டம்ளரும் பைக்குள் போயிருந்தன. நோட்டை என்னிடம் நீட்டினார்.

உங்கள் பக்கம்தான் சார் என்றார். சந்தேகத்துக்கே இடமில்லை என்றார். அவர் காரணமும் யோசித்து வைத்திருந்தார். மெஷின் நின்றுபோய் உடைந்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறவனுக்குப் பல் எத்தனை என்று தெரியாது, தெரியாததைக் கேட்டதும் பயந்து போய்விடுகிறான், எனக்கு அளவு பிடிக்கும் என்பதால் எல்லாருக்கும் பிடிக்கும் என்று நினைத்துவிட்டேன் என்றார். தன் பக்கத்தை எடுத்துவிட்டு, வருகிற எல்லாருக்கும் என் பக்கமே தெரியும்படி காலையிலேயே மாற்றிவிட்டதாகவும் சொன்னார். இனிமேல் அழைப்பு கூடும், நாலு மெஷினுக்கும் ஆள் தயாராக வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

எனக்கு ஜெயித்த சந்தோஷமே வரவில்லை. கோபம்தான் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை.

"அந்தப் பூஜ நோட்ட கிழிக்காம இருந்திருந்தா உன் பக்கம்தாம்மா இன்னிக்கு நின்னுகினு இருக்கும். உன் வேலையும் இருந்திருக்கும். நானே தோத்துட்டேன்னு ஒத்துக்கினேனே, தெரியுமில்ல?"

"தெரியும் சார். வேலை இருந்திருக்கும். போன்தான் அடிச்சிருக்காது."

இருபத்தைந்து வருடமாகத் தொழில் செய்கிறேன். சொன்ன சொல் மாறாதவன் என்று எஸ்டேட் முழுக்க எனக்குப் பெயர். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் அந்த நாலு நாளைப் பற்றி மூச்சு விட்டிருக்க மாட்டேன், அது எனக்கு அந்த நிமிஷமே தெரிந்தது. ரொம்ப வெட்கமாக இருந்தது. நான் சொன்னது தப்பு, பையைக் கீழே வையம்மா என்றேன். என் வாழ்க்கையில் நான் மாற்றின ஒரே சொல் அதுதான்.